கலெக்டர் இல்லாத மாவட்டம்



மாவட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். திங்கட்கிழமை மனு கொடுக்க நிற்கும் கூட்டம், வாசலில் ஜீப், உள்ளே கோப்புக் கட்டுகள். இன்று பேச எடுத்துக்கொண்ட மாவட்டத்தில் இவை எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 இடங்களில் இருக்கும் ‘மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்டம்’ என்பது ஒரே ஒரு வேலைக்காக ஏற்பட்ட குட்டி அரசாங்கம். பெரும்பாலும் ஒரு கவுண்டிக்கு, அதாவது மாநிலத்தின் ஓர் உட்பிரிவுக்கு, ஒன்று. உள்ளூர் மண் உள்ளூரிலேயே தங்கவேண்டும், பெய்த மழை கலங்காமல் ஓடையைச் சேரவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நிர்வாகம் பல மாநிலங்களில் ஐந்து பேர் கையில். அவர்களில் பலர் விவசாயிகள். அநேக இடங்களில் சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறை கூடி, போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து, கணக்கு பார்த்து, எந்த வயலுக்கு எவ்வளவு உதவி என்று கைதூக்கி முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் வளப் பாதுகாப்பு மாவட்டம், நெப்ராஸ்காவில் இயற்கை வள மாவட்டம், பென்சில்வேனியாவில் வெறும் பாதுகாப்பு மாவட்டம். அயோவாவில் 99 கவுண்டிகளுக்கு 100 மாவட்டங்கள். பாட்டவாட்டமி என்ற கவுண்டி மட்டும் கிழக்கு, மேற்கு என்று பாகம் பிரித்துக்கொண்டது. வட கரோலினாவில் கதை தலைகீழ். 100 கவுண்டிகளுக்கு 96 மாவட்டங்கள். அங்கே ஐந்து கவுண்டிகள் கூட்டுக் குடித்தனமாக ஒரே மாவட்டமாக இருக்கின்றன.

மத்திய அரசிலேயே மண்ணுக்கென்று தனித் துறை வைத்திருக்கும் நாட்டில், கவுண்டிக்குக் கவுண்டி இப்படி ஓர் ஐவர் குழு எதற்கு? பதில் சொல்ல 1905ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா கவுண்டியில் மண் கணக்கெடுக்க இரண்டு பேர் போனார்கள். ஒருவர் ஹ்யூ ஹேமண்ட் பென்னட், அப்போது 24 வயது. வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில், பருத்தி விளையும் பண்ணையில் வளர்ந்தவர். லூயிசாவில் நிலங்கள் ஏன் விளைச்சல் குறைந்து கிடக்கின்றன என்று பார்த்துச் சொல்வது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. சரிவான ஓர் இடத்தில் காடும் வயலும் ஒட்டிக் கிடந்தன. காட்டுக்குள் மண் பொலபொலவென்று, ஈரமாக, விரலால் கிளறினாலே வந்தது. பத்தடி தள்ளி வயலில் தோண்டினால் களிமண், காய்ந்து இறுகியது. அடியில் இருப்பது ஒரே பாறை, இரண்டும் ஒரே சரிவு, பெய்வதும் ஒரே மழை. அப்படியானால் வயலிலும் ஒரு காலத்தில் அந்தப் பொலபொல மண் இருந்திருக்கவேண்டும். அது எங்கே போனது?

மழையோடு போனது. பள்ளம் பறித்துக்கொண்டு போயிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். இதுவோ ஒவ்வொரு மழைக்கும் நிலத்தின் மேல்தோலை மெல்லிய படலமாக, எங்கும் ஒரே சீராக வழித்துக்கொண்டு போகிற அரிப்பு. உழுகிறவன் கண்ணுக்கே தெரியாது. தாத்தா காலத்து மண் வேறு, தன் காலத்து மண் வேறு என்பது பேரனுக்குத் தெரிய வழியே இல்லை. பென்னட்டின் மீதி வாழ்க்கை முழுவதும் அந்தக் குழியில் பார்த்ததைப் பிறருக்குக் காட்டுவதிலேயே கழிந்தது.

கேட்க ஆளில்லை. அவர் வேலை பார்த்த மண் ஆய்வுத் துறையே 1909இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் சொத்துக்களிலேயே அழிக்கவோ தீர்க்கவோ முடியாத சொத்து மண்தான் என்றது அது. அரசாங்க அறிக்கைகளில் தவறு வருவது புதிதல்ல. சொந்த ஊழியர் ஒருவர் பள்ளம் தோண்டி எதிர்ச்சாட்சி வைத்திருக்கும்போது இவ்வளவு நிச்சயமாக எழுதியதுதான் வியப்பு. பென்னட் சலிக்கவில்லை. 1928இல் மண்ணரிப்பு தேசத்துக்கே ஆபத்து என்று தலைப்பிலேயே அறிவித்து, சேப்லைன் என்பவரோடு சேர்ந்து சிறு வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு நாடாளுமன்றம் அரிப்பு ஆராய்ச்சிக்கு 1,60,000 டாலர் ஒதுக்கியது.

நிதி கேட்கப் போன இடத்தில் அவர் செய்து காட்டியதாக ஒரு சம்பவம் சொல்வார்கள். உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த மேஜையைக் கொஞ்சம் சாய்த்து, மேலே தடித்த துண்டை விரித்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாராம். துண்டு குடித்துக்கொண்டது. பிறகு துண்டை எடுத்துவிட்டு வெறும் பலகைமேல் ஊற்றினார். தண்ணீர் வழிந்து உறுப்பினர்களின் மடியில் விழுந்தது. புல்லும் காடும் மூடிய நிலம் துண்டு. உழுது வெறுமையாக்கிய சரிவு பலகை. இதற்குமேல் விளக்கம் வேண்டியிருந்திருக்காது.

1933இல் மண்ணரிப்புச் சேவை என்ற பெயரில் ஓர் அமைப்பு உண்டாகி, பென்னட் அதன் தலைவரானார். செய்து காட்ட அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் கிரீக் ஓடையின் நீர்வடிப்பகுதி. சுமார் 92,000 ஏக்கர். செங்குத்தான குன்றுகள், இடையிடையே குறுகலான பள்ளத்தாக்குகள், நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் பால்பண்ணைகள். அவர்கள் குன்றின் சரிவிலும் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் உழுதார்கள். ஒவ்வொரு கொழுச்சாலும் மழைநீருக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்காலாக ஆனது. மேட்டு மண் இறங்கிப் பள்ளத்தாக்கின் வேலிக்கம்பங்களை மூடியது.

நானூற்றுச் சொச்சம் விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அரசு சுண்ணாம்பு, விதை, மரக்கன்று, வேலிக்கம்பி தரும். வேலையில்லாத இளைஞர்களுக்காக அப்போது நடந்த முகாமிலிருந்து ஆள் தரும். விவசாயி குன்றைச் சுற்றி, சம உயரக் கோட்டை ஒட்டி உழவேண்டும். மக்காச்சோளம், ஓட்ஸ், தீவனப்புல் என்று மாற்றி மாற்றிப் பட்டைகளாக விதைக்கவேண்டும். செங்குத்தான காட்டுக்குள் மாட்டை விடக்கூடாது. புடவைக் கரை மாதிரி வளைந்து வளைந்து போகும் அந்தப் பட்டைகளை இன்றும் அந்தப் பக்கத்துக் குன்றுகளில் பார்க்கலாம்.

நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கில் நடப்பதை நாடு முழுவதும் எப்படி நடத்துவது? வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி ஒவ்வொரு விவசாயி வீட்டுத் திண்ணைக்கும் போய்க் கையெழுத்து வாங்க முடியுமா? முகாம் ஆட்களை எத்தனை குன்றுக்கு அனுப்புவது?

இதற்குள் மேற்கே வானம் கறுத்தது. 1934 மே மாதம் பெருஞ்சமவெளியில் கிளம்பிய புழுதி நியூயார்க்கையும் வாஷிங்டனையும் தாண்டி, அட்லாண்டிக் கடலில் போன கப்பல்களின் தளத்தில் படிந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கம் பட்டப்பகலை இருட்டாக்கிய புயலை ‘கறுப்பு ஞாயிறு’ என்றே இன்றும் சொல்கிறார்கள். அந்த வசந்தத்தில் பென்னட் செனட் குழுவின் முன் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்கிலிருந்து புழுதி வந்துகொண்டிருப்பது அவருக்கு முன்பே தெரியும் என்றும், அது வந்து சேரும்வரை பேச்சை இழுத்துக்கொண்டு போனார் என்றும், ஜன்னல் இருண்டதும் மசோதாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை என்றும் ஒரு கதை உண்டு. சொல்லிச் சொல்லி அதில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். 1935 ஏப்ரல் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது மட்டும் மெருகில்லாத உண்மை.

சட்டம் வந்தாலும் விவசாயியின் வரப்புக்குள் கால் வைக்க வழி திறக்கவில்லை. 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பட்லர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. விவசாய உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது மாநிலங்களின் அதிகாரம், மத்திய அரசு வரி போட்டு அதில் நுழையக் கூடாது என்றது. எந்த வயலில் என்ன பயிர், எப்படி உழவு என்று வாஷிங்டன் கட்டளை போட முடியாது. ஆனால் பணம், பொறியாளர், மண் வரைபடம் எல்லாம் வாஷிங்டனிடம்தான் இருந்தன.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் வேளாண் துறையின் வழக்கறிஞர் ஃபிலிப் கிளிக். அவர் ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதினார். இதை மாநிலங்கள் தங்கள் சட்டமாக நிறைவேற்றிக்கொள்ளட்டும். அந்தச் சட்டத்தின் கீழ் விவசாயிகளே மாவட்டம் அமைத்துக்கொள்ளட்டும். மத்திய அரசு அந்த மாவட்டத்தோடு ஒப்பந்தம் போட்டு ஆளும் கருவியும் அனுப்பட்டும். நிலத்தில் பயிர் வைத்திருக்கும் 25 பேர் கையெழுத்திட்டு மனு கொடுக்கவேண்டும், விசாரணை நடக்கவேண்டும், பிறகு ஓட்டெடுப்பு. சொந்தக்காரர் மட்டுமல்ல, குத்தகைக்கு உழுபவரும் ஓட்டுப் போடலாம் என்று எழுதியிருந்தது. காகிதத்தில் நல்ல விஷயம்தான். தெற்கு மாநிலங்களில் கறுப்பினக் குத்தகைதாரர்களுக்குச் சாதாரணத் தேர்தலிலேயே ஓட்டு மறுக்கப்பட்ட காலம் அது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளவேண்டும்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1937 பிப்ரவரி கடைசியில் இந்த மாதிரிச் சட்டத்தோடு எல்லா ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே, மார்ச் 3ஆம் தேதி, ஆர்கன்சா சட்டம் போட்டுவிட்டது. அந்த ஒரே ஆண்டில் அதையும் சேர்த்து 22 மாநிலங்கள் சட்டம் போட்டன. முதல் மாவட்டம் ஆகஸ்ட் 4ஆம் தேதி வட கரோலினாவில் பிறந்தது. பெயர் பிரவுன் கிரீக். ஓடையின் பெயரே மாவட்டத்தின் பெயர். இடம், பென்னட் பிறந்த அதே ஆன்சன் கவுண்டி.

இனி, இந்த மாவட்டம் நடக்கும் விதம்.

அயோவாவிலோ ஒஹையோவிலோ ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். மே மாத மழை ஓய்ந்ததும் வயலைப் பார்க்கப் போகிறார். இரண்டு சரிவுகள் கூடும் தாழ்வில் ஒரு முழ ஆழத்துக்கு ஓடை விழுந்திருக்கிறது. போன வருஷமும் விழுந்தது. மண் தள்ளி மூடினார். இந்த வருஷம் டிராக்டர் சக்கரம் இறங்குகிறது. மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்கிறார். அது பெரும்பாலும் மத்திய வேளாண் துறையின் கட்டடத்திலேயே, மத்திய அரசு ஊழியரின் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கும். யார் எந்த அரசின் ஆள் என்பது வருகிறவருக்கு எளிதில் விளங்காது. விளங்கவேண்டிய அவசியமும் இல்லை.

தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் வருகிறார். கையில் மண் வரைபடம், சரிவு அளக்கும் கருவி, கொடி கட்டிய கம்பிகள். எந்த வகை மண், எத்தனை சதவீதச் சரிவு, சரிவின் நீளம், மழையின் வேகம், என்ன பயிர், எத்தனை உழவு என்று எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால், ஏக்கருக்கு ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று கணக்கு வரும். விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் ஏராளமான சோதனைப் பதிவுகளை வைத்து 1965இல் பிரசுரித்த சமன்பாட்டின் வழிவந்தது அது. ஆழமான நல்ல மண்ணுக்கு ஏக்கருக்கு 5 டன் வரை போகலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 5 டன் என்றதும் லாரி லாரியாகப் போவதுபோலத் தோன்றும். ஓர் ஏக்கரில் பரப்பிப் பார்த்தால் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பென்னட் பார்த்த வயலில் ஏமாந்தவர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

ஓடை விழுந்த இடத்துக்குப் பரிகாரம் புல் வாய்க்கால். பள்ளத்தைச் செங்குத்தாக விடாமல், தட்டைத் தாம்பாளம்போல அகலமாகச் சரித்து வெட்டி, புல் விதைத்துவிடுவது. தண்ணீர் அகலத்தில் பரவி மெதுவாகப் போகும். புல்வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். செய்வது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு. உழுதுகொண்டு போகிறவர் வாய்க்கால் வரும்போது கலப்பையைத் தூக்கவேண்டும். களைக்கொல்லி தெளிக்கிறவர் அந்த இடத்தில் குழாயை நிறுத்தவேண்டும். மறந்து ஒருமுறை தெளித்தால் புல் கருகும். அடுத்த மழையில் பழைய ஓடை திரும்பி வரும். நான்கு ஏக்கரில் ஒரு துண்டு சும்மா கிடக்கிறதே என்று விளிம்பு விளிம்பாக உழுது, வாய்க்காலையே மெலிய வைக்கிறவர்களும் உண்டு. வரப்பைச் சீவிச் சீவி நூலாக்கும் ஆட்கள் எந்த நாட்டில்தான் இல்லை?

செலவில் ஒரு பங்கை மாவட்டம் தரும். முன்பணம் கிடையாது. ஐவர் கூட்டத்தில் விண்ணப்பம் ஒப்புதல் ஆகி, வேலை முடிந்து, உதவியாளர் வந்து அளந்து பார்த்துச் சரி என்ற பிறகே பணம். கூட்டத்தில் விண்ணப்பம் வாசிக்கப்படும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் அந்த வயல் தெரியும், விண்ணப்பித்தவரின் அப்பாவையும் தெரியும். இதில் சௌகரியமும் உண்டு, சங்கடமும் உண்டு. தகரக் கொட்டகையில் மாவட்டத்தின் விதைப்பு இயந்திரம் ஒன்று நிற்கும், உழாமலே நிலத்தைக் கீறி விதைப்பது. விலை அதிகம் என்பதால் சிறு விவசாயி வாங்கமாட்டார். ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று வாடகைக்கு எடுத்துக்கொள்வார். எத்தனை ஏக்கர் ஓடியது என்பதை இயந்திரத்தின் மீட்டரே சொல்லிவிடும். அதை இழுத்துக்கொண்டு போய்ப் பழகிப் பார்த்து, பிறகு சொந்தமாக வாங்கியவர்களாலும் உழவில்லா விவசாயம் பல கவுண்டிகளில் பரவியது. வசந்தத்தில் கட்டுக் கட்டாக மரக்கன்று விற்பனை. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடம் நடத்துவது. பென்சில்வேனியாவில் கட்டட வேலைக்கு மண் வெட்டுகிறவர்கள் சேறு ஆற்றுக்குப் போகாமல் என்ன செய்யப்போகிறார்கள் என்ற திட்டத்தைப் பல மாவட்டங்களே பரிசீலிக்கின்றன.

ஜட்டிக் கதையையும் விடக்கூடாது. புதுப் பருத்தி ஜட்டி ஒன்றை வயலில் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டச் சொல்கிறார்கள். மண்ணில் உயிர் இருந்தால் நுண்ணுயிர்கள் பருத்தியைத் தின்று தீர்த்திருக்கும். இடுப்பு எலாஸ்டிக் மட்டும் கையில் வரும். ஓய்வில்லாமல் உழுத மண்ணிலிருந்து எடுத்த ஜட்டியைத் துவைத்தால் உடுத்தலாம்போல இருக்கும். பல மாவட்டங்கள் இரண்டையும் கொடிக்கயிற்றில் மாட்டிக் கண்காட்சியில் தொங்கவிடுகின்றன. சிரித்துக்கொண்டே வந்து நிற்கிற விவசாயி, என் வயலில் எப்படியிருக்கும் என்று கேட்டால் அன்றைய வேலை முடிந்தது.

இந்த ஐவரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வட கரோலினாவில் மூவரைப் பொதுத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுக்க, இருவரை மாநில ஆணையம் நியமிக்கிறது. அயோவாவில் ஐந்து பேருக்கும் தேர்தல். ஜனாதிபதி பெயர் உச்சியில் இருக்கும் அதே ஓட்டுச்சீட்டின் அடிப்பகுதியில் இவர்கள் பெயர் இருக்கும். பல இடங்களில் ஒரு பதவிக்கு ஒருவரே நிற்பார். சில இடங்களில் யாருமே நிற்காமல், வாக்காளர் தாமே ஒரு பெயரை எழுதிவிட்டுப் போவதும் உண்டு. அக்கறையின்மை என்றும் இதைச் சொல்லலாம், சண்டையில்லாத பதவி என்றும் சொல்லலாம்.

சண்டை வரும் நாளும் உண்டு. மேட்டு வயல்காரர் மண்ணைக் காக்காவிட்டால் அது பள்ளத்து வயல்காரர் நிலத்தில் வந்து இறங்குகிறது. அயோவா 1971இல் ஒரு சட்டம் போட்டது. மாவட்டங்கள் மண் இழப்புக்கு வரம்பு விதிக்கும். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் மாவட்டம் போய் அளந்து பார்த்து, வரம்பு மீறியிருந்தால் சரிசெய்யும்படி உத்தரவு போடலாம். உட்பரி கவுண்டியில் அப்படி ஒரு புகார் வந்தது. அங்குள்ள மாவட்டம், ஒன்று புல் விதையுங்கள், இல்லையென்றால் படிவரப்பு கட்டுங்கள் என்று நில உரிமையாளர்களுக்கு உத்தரவிட்டது. அவர்கள், என் நிலத்தில் என் காசில் இதைச் செய்யச் சொல்ல நீங்கள் யார் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க்கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. 1979இல் அயோவா உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மண்ணைக் காப்பது பொதுநலன், அதற்காகச் சொத்துரிமைமேல் நியாயமான சுமையை அரசு வைக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். செலவில் பெரும்பங்கைப் பொதுப்பணத்திலிருந்து தர ஏற்பாடு இருந்தால்தான் இப்படிக் கட்டாயப்படுத்த முடியும் என்று சட்டம் சொல்லியிருந்ததும் மாவட்டத்துக்குக் கைகொடுத்தது.

ஆனால் இப்படிக் கட்டாயப்படுத்தும் பல் எல்லா இடத்திலும் முளைக்கவில்லை. கிளிக்கின் மாதிரிச் சட்டத்திலேயே நிலப் பயன்பாட்டு விதிகள் போடும் அதிகாரம் இருந்தது. அதைக் கையில் எடுத்த மாவட்டங்கள் அபூர்வம். நாளைக்குக் கோவிலில், கடையில், குழந்தையின் பள்ளிக்கூட விழாவில் முகம் பார்க்கவேண்டிய ஆளுக்கு நோட்டீஸ் அனுப்ப யாருக்கு மனம் வரும்? அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு இருக்கும் மரியாதையை நம்பி எழுந்த அமைப்பு இது. அந்த மரியாதையே அதன் கையையும் கட்டிப்போட்டது.

தானிய விலை ஏறியபோது இது அம்பலமானது. 1970களின் தொடக்கத்தில் வேளாண் அமைச்சராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலி முதல் வேலி வரை விதையுங்கள் என்று விவசாயிகளை உசுப்பினார். முப்பதுகளில் காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைகள் வெட்டப்பட்டன. படிவரப்புகள் பெரிய இயந்திரங்களுக்கு இடைஞ்சல் என்று உடைக்கப்பட்டன. முப்பது வருஷம் மாவட்டங்கள் பேசிப் பேசிச் செய்ததில் ஒரு பங்கு சில அறுவடைகளில் போயிற்று. நாட்டின் விளைநிலங்களிலிருந்து மழையும் காற்றுமாக 1982இல் கொண்டுபோன மண் ஏறத்தாழ 300 கோடி டன்.

பிறகு 1985ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் வந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தில் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் உழுதால் மத்திய அரசின் மானியம் எதுவும் கிடையாது என்றது அது. கட்டாயம் இல்லை, மானியம் வேண்டாதவர் இஷ்டம்போல் உழலாம். வேண்டாதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மாவட்ட அலுவலகங்களில் திட்டம் எழுதிக்கொள்ள வரிசை நின்றது. 2007இல் அந்த 300 கோடி சுமார் 170 கோடி டன்னாகக் குறைந்திருந்தது. இதில் எவ்வளவு மானிய பயத்தால், எவ்வளவு உழவில்லா விதைப்பால், எவ்வளவு நிலத்தைப் புல்லுக்கு விட்டு அரசிடம் வாடகை வாங்கியதால் என்று பிரித்துச் சொல்வது கடினம். வெறும் நற்பேச்சால் மட்டும் குறையவில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

சொந்தக் காசு இருக்கும் மாவட்டங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மிசோரியில் 114 கவுண்டிகளுக்கும் 114 மாவட்டங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மண்ணரிப்பு வேகத்தில் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்த மாநிலம் அது. 1984இல் மக்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள், 10 டாலருக்கு ஒரு சென்ட். அதில் பாதி மண்ணுக்கும் தண்ணீருக்கும், பாதி மாநிலப் பூங்காக்களுக்கும். காலம் முடியும்போதெல்லாம் மறுபடி ஓட்டுக்கு விடவேண்டும். 2016இல் விட்டபோது 80 சதவீதம் பேர் தொடரட்டும் என்றார்கள். பெரிய நகரமான செயின்ட் லூயிஸில் சட்டை வாங்குகிறவரும் எங்கோ ஒரு குன்றின் படிவரப்புக்கு ஒரு சென்ட் கொடுக்கிறார். வரியைக் கண்டால் எரிச்சலாகும் நாட்டில் இது சின்ன அதிசயம்தான்.

நெப்ராஸ்கா ஒரு படி மேலே போனது. 1972இல் அங்கே மண், வெள்ளம், நீர்வடிப்பகுதி என்று ஆளுக்கொரு வேலையாகக் கிடந்த 154 சிறு அமைப்புகளைக் கலைத்து, ஆற்றுப் படுகை எல்லையை ஒட்டி 24 இயற்கை வள மாவட்டங்களாக மாற்றினார்கள். பிறகு இரண்டு இணைந்து 23 ஆயின. சொத்து வரி விதிக்கும் அதிகாரம் உண்டு. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் உண்டு. 1970களின் இறுதியிலேயே மேல் ரிபப்ளிகன் ஆற்று மாவட்டம் பாசனக் கிணறுகளில் மீட்டர் மாட்டி, ஏக்கருக்கு இத்தனை அங்குலம் தண்ணீர் என்று அளவு வைத்தது. கிணற்றில் மீட்டர் மாட்ட வந்தவருக்கு எங்குமே வரவேற்பு இருந்திருக்காது. ஆனால் மாட்டச் சொன்னது பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் தேர்ந்தெடுத்த குழு. எட்டு மாநிலங்களின் அடியில் பரந்து கிடக்கும் ஓகலாலா நீர்த்தேக்கத்தில் டெக்சாஸ் பகுதி சராசரியாக 40 அடிக்கு மேலும், கான்சாஸ் பகுதி 25 அடிக்கு மேலும் இறங்கிவிட்டன. நெப்ராஸ்காவில் சராசரியில் பெரிய மாற்றமில்லை. அங்கே மணற்குன்றுகள் மழையை உறிஞ்சி உள்ளே அனுப்புவதும் இதற்குக் காரணம். எல்லாப் புகழையும் மாவட்டங்களுக்கே கொடுத்துவிட முடியாது.

புழுதியின் காலம் முடிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கு 2023 மே 1ஆம் தேதி ஒரு பதில் கிடைத்தது. இலினாய் மாநிலத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குத் தெற்கே, புதிதாக உழுத வயல்களிலிருந்து கிளம்பிய புழுதி நெடுஞ்சாலையை மூடியது. 70க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஏழு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தச் சாலையின் இரு பக்கமும் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் இருக்கும் கவுண்டிகள்தான்.

கூன் கிரீக்குக்குத் திரும்பிப் போவோம். ஐம்பதுகளின் நடுவில் வந்த ஒரு சட்டத்தின் கீழ் அந்த ஓடையின் கிளைகளில் 14 சிறு அணைகள் கட்டினார்கள். பக்கத்து நீர்வடிப்பகுதியிலும் சில. 2018 ஆகஸ்ட் 27ஆம் தேதி இரவு அங்கே ஓர் அடி அளவுக்கு மழை கொட்டியது. இரண்டு நீர்வடிப்பகுதிகளிலும் சேர்த்து ஐந்து அணைகள் உடைந்தன. நடுவில் உயர்த்திய மண்கரை பழுதாகவில்லை. கரையின் தோள் சாய்ந்திருந்த குன்றின் மணற்பாறையில் வெடிப்புகள் இருந்தன, தண்ணீர் அதற்குள் புகுந்து பக்கவாட்டில் பிளந்துகொண்டு வந்தது. எஞ்சிய அணைகளைச் செப்பனிடுவதைவிட வெட்டித் திறந்துவிடுவதே மேல் என்று மத்திய மண் துறையின் ஆய்வு சொன்னது. அறுபது வருஷமாக அணைக்குக் கீழே வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும்?

வெள்ளம் வடிந்த பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு நீர்வடிப்பகுதி மன்றம் தொடங்கினார்கள். அங்கே பேச்சு அணையைப் பற்றி மட்டும் அல்ல. எந்த மேட்டில் இன்னும் மாடு மேயும் புல் இருக்கிறது, பால்பண்ணைகள் மூடிய பிறகு எந்த மேட்டில் புல்லை எடுத்து மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள், அறுவடைக்குப் பின் வெறும் தரையாக விடாமல் மூடுபயிர் விதைக்க யார் யார் தயார், அதற்கு விதை வாங்கப் பணம் எங்கே என்பதைப் பற்றியும்தான். முப்பதுகளில் கையெழுத்திட்ட சிலரின் பேரன்களும் அந்தக் கூட்டங்களுக்கு வருவதுண்டு.